ஜிக்சா பிளேடு கோட்டை விட்டு ஓடினால்: எங்கே பார்ப்பது, எதை மாற்றுவது

ஜிக்சாவில் (பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் கை மெஷின்) முக்கால் இஞ்ச் பிளைவுட் வெட்டுகிறீர்கள். மேல் பக்கம் வெட்டு பென்சில் கோட்டிலேயே வந்திருக்கும். துண்டைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே போயிருக்கும். இது ஒரு வகை. கோட்டிலேயே நிற்காமல் இடது கைப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவது இன்னொரு வகை. "ஏனுங்ணா, மெஷின் இழுக்குதுங்களே" என்று கேட்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். இரண்டுக்கும் காரணம் வேறு, வைத்தியமும் வேறு. புது மெஷின் வாங்குகிற அளவுக்குப் போவது அபூர்வம். பிளேடு, ரோலர், அடித்தகடு, கை என்ற வரிசையில் பார்த்துக்கொண்டே வந்தால் முதல் இரண்டிலேயே முக்கால்வாசிக் கோளாறு அகப்பட்டுவிடும்.

ஓடுவதற்கான அடிப்படைக் காரணம் மெஷினின் அமைப்பிலேயே இருக்கிறது. ஹேக்சா பிளேடு இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். ஜிக்சா பிளேடுக்கு மேல் முனையில் மட்டும்தான் பிடி. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன ரோலர் தாங்குகிறது. அதற்குக் கீழே இரண்டரை இஞ்ச் பிளேடு அந்தரத்தில் ஓடுகிறது. பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் வந்தாலும் நுனி வளையும். மேலே கோட்டில் நின்று அடியில் ஓடுவது இதனால்தான்.

முதலில் கோளாறைப் பிரித்துப் பாருங்கள்

வெட்டப்போகும் அதே பிளைவுட்டில் ஓர் அடிச் சதுரமான கழிவுத் துண்டு எடுங்கள். பென்டுலம் லீவரை (பிளேடை முன்னுக்கு உதைக்கும் ஆட்டத்தைக் கூட்டிக் குறைப்பது) 0-வில் வையுங்கள். மெஷினை ஒட்டி ஓட்டுவதற்கான கைடு சட்டம் எதுவும் வேண்டாம். நேர்க்கோடு போட்டு, வெறுங்கையால் பத்து இஞ்ச் வெட்டிவிட்டு நிறுத்துங்கள். துண்டைத் திருப்பி, முதல் வெட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு போட்டு அதையும் வெட்டுங்கள். வெட்டின முகத்தில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்தில் மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

இரண்டு வெட்டும் ஒரே பக்கமாக இழுத்தால் பிளேடின் பல்லில் கோளாறு. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு சாய்வு இருந்தால் அடித்தகடு 90 டிகிரியில் இல்லை. தொடக்கத்தில் நேராக நின்று, போகப் போகச் சாய்வு கூடினால் பிளேடு வளைகிறது: மழுங்கிய பல், தேய்ந்த ரோலர், அவசரப்படும் கை, இந்த மூன்றில் ஒன்று. சாய்வு ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று மாறினால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். அது பலகைக்குள் இருக்கும் ஓட்டையாகவோ கையின் ஆட்டமாகவோ இருக்கும்.

இதற்குமேல் சொல்லும் எந்தச் சோதனைக்கும் முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பிளேடு

பிளேடைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வையுங்கள். வளைந்திருந்தால் நுனியோ நடுவோ தூக்கிக்கொண்டு நிற்கும். வளைந்த பிளேடை நிமிர்த்திப் பயன்படுத்துவது வீண் வேலை, தூக்கிப் போடுங்கள். அடுத்து வெளிச்சத்தில் பல் நுனிகளைப் பாருங்கள். கூரான பல்லில் நுனி கண்ணுக்குத் தெரியாது. மழுங்கினதில் புள்ளி புள்ளியாக மினுங்கும். இடது வரிசைப் பற்கள் மினுங்கி வலது வரிசை மினுங்காமல் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: பிளேடு எப்போதும் கூர் அதிகமுள்ள பக்கத்துக்கே இழுக்கும். ஒரு ஆணியின் ஓரத்தில் உரசினாலே ஒரு பக்கம் போய்விடும். சென்ட்ரிங்கில் கிடந்த பழைய பிளைவுட்டை வெட்டுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஆணி இல்லாவிட்டாலும் ஒட்டியிருக்கும் சிமெண்ட் பால் ஓர் அடிக்குள் பல்லைத் தின்றுவிடும். அதற்குப் பழைய பிளேடு போதும்.

710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரிலும் பிரியாத) பிளைவுட்டில் பிளேடு சீக்கிரம் மழுங்குவது இயல்பு. அதில் அடுக்குகளை ஒட்டும் ஃபீனால் பசை காய்ந்தால் கல் மாதிரி. வெட்டின ஓரத்தில் கறுப்புக் கோடாகத் தெரிவது அதுதான். 303 முத்திரை உள்ள சாதாரண எம்.ஆர். (ஈரம் தாங்கும்) கிரேடில் இந்த அளவு தேய்மானம் இருக்காது. சமையலறைக்கு 710 எடுத்திருந்தால் மெஷினோடு கூடுதலாக இரண்டு பிளேடையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஒரு ஷீட்டைப் பிரித்து முடித்த பிளேடைக் கண்ணில் படும் ஓரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம். கருகின வாசனை, வெட்டு ஓரத்தில் பழுப்பு, தள்ளினால்தான் நகரும் என்ற நிலை, இதில் ஒன்று வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

எந்தப் பிளேடு? போஷ் எண்களையே மற்ற கம்பெனிகளும் ஒட்டி அச்சிடுவதால் அதையே சொல்கிறோம். தொடக்கத்து 'டி' (T) பிளேடின் கொண்டை வடிவம். பழைய மெஷின்களில் 'யூ' கொண்டை வரும்; ஒன்று மற்றதில் பொருந்தாது. எண்ணுக்குப் பின் வரும் எழுத்து பல்லின் அளவு: ஏ நெருக்கம், பி நடுத்தரம், சி பெரிது, டி (D) மிகப் பெரிது. 12 முதல் 19 மி.மீ. பிளைவுட்டில் நேர் வெட்டுக்கு டி101பி சரியானது. இஞ்சுக்குப் பத்துப் பல், வெட்டு சுத்தமாக வரும். டி144டி வேகமாக ஓடும், ஆனால் இஞ்சுக்கு ஆறு பல்தான், ஓரம் பிய்யும். கண்ணில் படாத வெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். அடியில் சாய்வு விடாமல் தொல்லை கொடுத்தால் கவரில் 'பிரிசிஷன்' என்று போட்ட தடித்த உடல் பிளேடை வாங்குங்கள். விலை கூட, ஆனால் வளையாது. அது வளைவுகளில் திரும்பாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

எண்ணில் 'ஓ' வந்தால் (டி101ஏஓ, டி119பிஓ) அது வளைவு வெட்டும் ஒடுக்கமான பிளேடு. இதைப் போட்டுக்கொண்டு நேர்க்கோடு வராது என்று புலம்புகிறவர்கள் நிறைய. மெஷினோடு பெட்டியில் வந்த பிளேடு எது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நீளமும் முக்கியம். பலகையின் கனம், மெஷினின் ஸ்ட்ரோக் (பிளேடு மேலும் கீழும் ஓடும் தூரம்), அதற்குமேல் 10 மி.மீ. இவ்வளவு அடித்தகடுக்குக் கீழே இருந்தால் போதும். 19 மி.மீ. பலகை, 26 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 55 மி.மீ. நான்கு இஞ்ச் பிளேடே தாராளம். கட்டைக்கு வாங்கின ஐந்து இஞ்ச் பிளேடைப் பிளைவுட்டுக்குப் போட்டால் வளைவதற்குக் கூடுதல் இடம் கொடுத்தது மாதிரி.

ரோலர்

பிளேடை மாட்டியபின் அதன் முதுகு ரோலரின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். தொட்டும் தொடாமலும் இருந்தால் சரி. முதுகுக்கும் ரோலருக்கும் நடுவே விசிட்டிங் கார்டு இரண்டு நுழைந்தால் தாங்கல் இல்லை என்று பொருள். சில மெஷின்களில் அடித்தகட்டைத் தளர்த்தினால் ரோலர் முன்பின் நகரும். மெதுவாக முன்னுக்குத் தள்ளி, முதுகைத் தொட்டதும் இறுக்குங்கள். ரொம்ப அழுத்தி வைத்தால் பிளேடு சூடேறி நீலம் பாயும்.

விரலால் ரோலரைச் சுழற்றிப் பாருங்கள். சுற்றாமல் நின்றுவிட்டிருந்தால் பிளேடு ஒரே இடத்தில் உரசி, பள்ளத்தை ஒரு பக்கமாக அரித்திருக்கும். பிளைவுட் தூளும் பசையும் சேர்ந்து இறுகிப்போவதுதான் வழக்கமான காரணம். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டு, அச்சில் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் ஆயில் விடுங்கள். திருப்பூர்ப் பக்கம் அதைத் தேட வேண்டியதே இல்லை. கிரீஸ் வேண்டாம், தூளைப் பிடித்துக் களிமண் ஆக்கிவிடும். பள்ளம் 'வி' மாதிரி இல்லாமல் அகன்று போயிருந்தால் ரோலரை மாற்றத்தான் வேண்டும். அது தனி உதிரிப்பாகமாகவே கிடைக்கும்.

அடித்தகடு

மெஷினைக் கவிழ்த்து வையுங்கள். பிளேடின் பக்கவாட்டில் மூலைமட்டம். பல்லின் மேல் படாமல், உடலின் மேல் படும்படி வைக்க வேண்டும். பல் வெளியே பிதுங்கியிருப்பதால் தப்பாகக் காட்டும். மெஷினில் பொறித்த 0 டிகிரி கோட்டை நம்பாதீர்கள். ஆலன் கீயால் தளர்த்தி, மட்டத்துக்குச் சரிசெய்து, இறுக்கியபின் மறுபடியும் பாருங்கள். இறுக்கும்போதே கொஞ்சம் நகர்வது சகஜம்.

பலர் விட்டுவிடுகிற இன்னொரு சோதனை உண்டு. ஓர் அடி ஸ்டீல் ஸ்கேலைப் பிளேடின் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, ஸ்கேலுக்கும் அடித்தகட்டின் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை முன்னாலும் பின்னாலும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். முன்னால் 32, பின்னால் 34 என்று வந்தால் தகடு திருகி நிற்கிறது. வெறுங்கையில் வெட்டும்போது கையே அதைச் சரிக்கட்டிவிடும், தெரியாது. கைடு வைத்து ஓட்டும் அன்றைக்குத்தான் பிளேடு கைடோடு மல்லுக்கு நிற்கும்.

தகடு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்கச் சமையலறை கிரானைட் மேடை போதும். மெஷினை அதன்மேல் வைத்து நான்கு மூலையையும் அழுத்துங்கள், ஆடக்கூடாது. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் இருக்கும் ஏதாவது லேத் பட்டறையில் சர்ஃபேஸ் பிளேட்டில் (துல்லியமாகத் தட்டையாக்கிய மேடை) வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரும்புத் தகடு வளைந்திருந்தால் அங்கேயே நிமிர்த்தியும் தருவார்கள். அலுமினிய வார்ப்பாக இருந்தால் தட்டவிடாதீர்கள், விரிசல் விடும்.

பென்டுலமும் வேகமும்

பென்டுலம் பிளேடை முன்னுக்கு உதைத்து வேகத்தைக் கூட்டும்; வெட்டு அகலும், கோடும் ஆடும். பிளைவுட்டுக்கு 0, அவசரம் என்றால் 1. 2-ம் 3-ம் கட்டைக்கு. வேக டயலை முக்கால் அளவுக்கு மேல் வையுங்கள். பிளேடு ஓடும் வேகம் குறைவாக இருந்து தள்ளும் வேகம் அதிகமானால் பல் வெட்டுவதற்குள் உடல் வளைந்துவிடும். சோமனூர், பல்லடம் மாதிரி தறி ஓடும் ஊர்களில் வோல்டேஜ் இறங்கி மெஷின் சத்தம் கம்மினால், அந்த அளவுக்குக் கையையும் மெதுவாக்குங்கள்.

பலகைக்குள் இருக்கும் வில்லங்கம்

பிளைவுட்டின் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை. மேலிருந்து பார்க்க ஒரே பலகை. பிளேடுக்கோ ஒவ்வொரு அடுக்கும் வேறு மரம். ஓர் அடுக்கில் நாரோடு போகிறது, அடுத்ததில் நாரை அறுக்கிறது. நடு அடுக்கில் என்ன மரம் என்பதும் கணக்கு. தைல மரம் கெட்டி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி ஊக்குவித்து, நம்ம பக்கம் தோட்டத்திலும் காட்டோரத்திலும் நடுகிற மலைவேம்பு மெத்தென்று இருக்கும். மெத்தான மரத்தில் பழகின கையோடு தைல மரப் பலகையில் அதே வேகத்தில் தள்ளினால் அடியில் ஓடத்தான் செய்யும்.

இதைவிட மோசமானது உள் ஓட்டை. நடு அடுக்குத் துண்டுகளைச் சேர்க்கும்போது இடைவெளி விட்டிருப்பார்கள், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். இடைவெளிக்குள் நுழைந்ததும் பிளேடு தடையில்லாமல் பாயும். கை அதே அழுத்தத்தில் தள்ளிக்கொண்டிருக்கும். அக்கரையில் மரத்தில் மோதும்போது நேராகவா மோதும்? அங்கேதான் சாய்வு தொடங்குகிறது. கடையிலேயே நான்கு ஓரத்தையும் பாருங்கள். ஓரத்தில் மரத்தூள் பசை அடைத்திருந்தால் உள்ளேயும் அதே கதை என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில், கோடு போகும் பாதை முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, மெஷின் அங்கே வரும்போது தள்ளுவதை நிறுத்தி, பிளேடு தானாக அறுத்துக்கொண்டு நகர விடுங்கள்.

பிளாக்போர்டில் (நடுவே கட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டிய பலகை) குறுக்கு வெட்டு சுலபம். நெடுக்கு வெட்டில் உள்ளே இருக்கும் கட்டைத் துண்டுகளின் இணைப்பு பிளேடைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டு போகும். முடிந்தால் அந்த வெட்டைச் சர்க்குலர் ரம்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு அடிக்கும்போது, கட்டி முடியாத வீட்டில் சுவரில் சாத்திவைத்த ஷீட் வில்லாக வளையும். அதன்மேல் அடித்தகடு முழுசாக உட்காராமல் தொட்டில் மாதிரி ஆடும், வெட்டும் கூடவே சாயும். ஷீட்டைப் படுக்க வைத்தே அடுக்குங்கள். வளைந்துபோனதை வெட்டும்போது அடியில் ரீப்பர் கொடுத்துத் தட்டையாக்கிக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

தாங்கல், கைடு, கை

எட்டுக்கு நாலு ஷீட்டை இரண்டு ஓரத்தில் மட்டும் தாங்கி நடுவில் வெட்டினால், வெட்டப் போகப் போகப் பலகை தொய்ந்து பிளேடைக் கவ்வும். கவ்வின பிளேடு ஓடும், உடையும். வெட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் இரண்டு இஞ்ச் தள்ளி ஒவ்வொரு ரீப்பர், வெளி ஓரங்களில் ஒவ்வொன்று, ஆக நான்கு கொடுங்கள். தரையில் வைத்து வெட்டுகிறவர்கள் உயரத்தைக் கவனியுங்கள். 19 மி.மீ. பலகைக்குக் கீழே பிளேடு இரண்டரை இஞ்ச் வரை இறங்கும். இரண்டு இஞ்ச் ரீப்பரில் வைத்தால் நுனி தரையில் குத்தி வளைந்துவிடும், வளைந்ததும் உங்களுக்குத் தெரியாது. குறைந்தது மூன்று இஞ்ச் உயரம் வேண்டும்.

கைடுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் அலுமினியச் சட்டமே நல்ல சாமான். நேராக இருக்கிறதா என்று பார்க்க, அதை வைத்து ஒரு கோடு இழுத்து, சட்டத்தை அக்கட்டால் புரட்டிப்போட்டு அதே இரண்டு புள்ளியில் இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றானால் நேர். நடுவில் வாய் பிளந்தால், பிளந்ததில் பாதி அந்தச் சட்டத்தின் வளைவு.

சட்டத்தை எவ்வளவு தள்ளி வைப்பது என்று அளந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 6 அல்லது 9 மி.மீ. கழிவுப் பலகையில் சட்டத்தைக் கிளாம்ப் போட்டு, மெஷினை அதை ஒட்டி ஓட்டி ஒரு வெட்டு வெட்டுங்கள். சட்டத்துக்கும் வெட்டுக்கும் நடுவே உள்ள பட்டைதான் உங்கள் அளவுத் துண்டு. அதைத் தனியாக அறுத்து எடுத்து, எந்தப் பிளேடுக்கு என்று அதன்மேலேயே எழுதிவையுங்கள். அடுத்த முறை கோட்டில் இந்தப் பட்டையின் ஓரத்தை வைத்து, அதை ஒட்டிச் சட்டத்தைப் பூட்டினால் முடிந்தது. பிளேடு மாறினால் பட்டையும் மாறும். சட்டம் எப்போதும் நமக்கு வேண்டிய துண்டின் மேல் இருக்கட்டும். பிளேடு கொஞ்சம் விலகினாலும் கழிவுப் பக்கம்தான் போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பக்கம் இழுக்கும் பிளேடைக் கைடு போட்டு அடக்க நினைத்தால், மேலே கோடு நேராக வரும், அடியில் பிளேடு வளைந்து சாய்வு விழும். ஆகவே முன்னால் சொன்ன வெறுங்கைச் சோதனையில் தேறின பிளேடை மட்டுமே கைடோடு ஓட்டுங்கள்.

கையைப் பொறுத்தவரை அழுத்தம் கீழ்நோக்கி, தள்ளுவது லேசாக. மெஷின் பலகையில் ஒட்டி நிற்க வேண்டும். முன்னேறும் வேகத்தைப் பிளேடுதான் தீர்மானிக்க வேண்டும். கோட்டை விட்டு விலகினால் மூக்கைப் பக்கவாட்டில் இடிக்காதீர்கள், நுனி வளைவதே அப்போதுதான். மெஷினின் வால் பக்கத்தை மெல்லத் திருப்புங்கள். அரை நூலுக்கு மேல் போய்விட்டால் நிறுத்தி, பிளேடு நின்றபின் ஓர் இஞ்ச் பின்னுக்கு வந்து, கோட்டின் கழிவுப் பக்கத்தை ஒட்டி மறுபடி அறுத்துக்கொண்டு வாருங்கள்.

சாதாரணப் பல் மேலேறும்போது வெட்டும்; அதனால் மேல் பக்கம்தான் சிலாம்பு எழும். நல்ல முகத்தைக் கீழே போட்டு வெட்டுங்கள். சன்மைக்கா ஒட்டின பலகைக்குத் தலைகீழ்ப் பல் உள்ள டி101பிஆர் உதவும். ஆனால் அது மெஷினை மேலே தூக்கும்; நன்றாக அழுத்திப் பிடிக்காவிட்டால் வழக்கத்தைவிட அதிகமாகவே ஓடும்.

வளைவு, சிங்க், ஸ்பீக்கர் ஓட்டை

சிங்க் ஓட்டைக்கு நான்கு மூலையிலும் 10 மி.மீ. துளை போட்டுக்கொண்டு தொடங்குங்கள். இறுக்கமான வளைவுக்கு 'ஓ' பிளேடு, பென்டுலம் 0. அகலப் பிளேடை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் மேலே வட்டம், அடியில் முட்டை. ஸ்பீக்கர் பாக்ஸ் செய்கிறவர்கள் வட்டத்துக்கு 2 மி.மீ. உள்ளே வெட்டிவிட்டு, அதே அளவில் சுத்தமாகச் செய்த ஓர் அச்சுப் பலகையை மேலே திருகி, பேரிங் வைத்த டிரிம் பிட்டால் ரூட்டரை ஓட்டினால் ஓரம் 90 டிகிரியில் நிற்கும். நீள நேர் வெட்டிலும் அடிச்சாய்வு தீரவே இல்லை என்றால் இதே வழிதான்: 2 முதல் 3 மி.மீ. வெளியே விட்டு வெட்டி, சட்டத்தைக் கோட்டில் பூட்டி டிரிம்மரால் சீவுங்கள். பிட் வாங்கும்போது தண்டின் அளவைக் கேட்டு வாங்குங்கள். 6 மி.மீ. வேறு, கால் இஞ்ச் வேறு. கால் இஞ்ச் கோலெட்டில் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) 6 மி.மீ. தண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடினால்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைப் பிடிக்கும் தண்டையே விரலால் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். பிளேடின் நுனி கொஞ்சம் வளைவது தப்பில்லை. தண்டே 'கடக்' என்று ஆடினால் உள்ளே புஷ் (தண்டைத் தாங்கும் உருளை) தேய்ந்துவிட்டது. புதுப் பிளேடும் புது ரோலரும் போட்டாலும் அது நிற்காது. சர்வீஸில் புஷ்ஷும் தண்டும் சேர்த்து மாற்றச் சொல்லிக் கூலியோடு விலை கேளுங்கள். மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் அந்தப் பழையதைச் சென்ட்ரிங் பலகை அறுக்க ஒதுக்கிவிட்டு, அடித்தகடு கனமாகவும் ரோலர் பள்ளம் ஆழமாகவும் உள்ள வேறொன்றைக் கடையிலேயே பிளேடு மாட்டி, தண்டை ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.